நூல் கடை லேப்டாப்

என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்த பிறகு, எங்கள் வீட்டில் தட்டுச் சத்தம்தான் அதிகம் கேட்டது. சமையலறையில் இருக்கும் என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுவார். ஒரு முறை தட்டினால் வா என்று அர்த்தம். விடாமல் தட்டினால் சீக்கிரம் வா. கழுத்தின் அடியில் போட்டிருக்கும் துளை வழியாகத்தான் அவருக்கு மூச்சு. அதன் மேல் மெல்லிய துணி ஒன்று தொங்கும். உதடு அசையும், சத்தம் வராது.

அவர் ரிக் வண்டி டிரைவர். போர்வெல் போடும் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்துவிட்டு வருவார். திருச்செங்கோட்டில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகியதால் வீட்டிலும் அவருக்கு மெதுவாகப் பேச வராது. போனில் பேசினால் எதிர் வீட்டுக்குக் கேட்கும்.

ஆபரேஷன் முடிந்து வந்ததும் சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி, குச்சியைத் தேடி, அவர் எழுதி முடிப்பதற்குள் நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன். எழுதினதைத் துணியால் அழித்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்வார். எழுதினால் பேசுகிற ஆப் ஒன்றை நானும் மகளும் போனில் போட்டுக் கொடுத்தோம். அதுவும் சரிப்படவில்லை. மருந்து ஏற்றியதில் அவருடைய விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. தொட்டது தெரியாது. ஒரு எழுத்தைத் தொட்டால் இன்னொன்று விழும். ஒருநாள் போனைக் கட்டில் மேல் வீசிவிட்டுத் திரும்பிப் படுத்தார். அதற்கப்புறம் அவசியமானது தவிர எதையும் சொல்ல முயற்சி செய்யவில்லை.

பார்க்க வந்தவர்களும் அவரிடம் பேசுவதில்லை. "சாப்பிடறாருங்களா? தூக்கம் வருதுங்களா?" என்று அவர் எதிரிலேயே என்னைக் கேட்பார்கள். நான் பதில் சொல்வேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை எல்லோருமே மறந்துபோனார்கள். சில நாள் நானும் மறந்தேன்.

நான் குமாரபாளையத்தில் ஒரு நூல் கடையில் பில் போடுகிறேன். அங்கே பழைய லேப்டாப் ஒன்று நூல் மூட்டைகளுக்கு மேலே தூசி படிந்து கிடந்தது. வருஷக்கணக்கில் நான் பில் போட்டதுதான். மிகவும் மெதுவாகிவிட்டதால் புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் ஓரங்கட்டிவிட்டார்கள். ஒருநாள் அதை எடுத்துத் துடைத்து, கீபோர்டில் சும்மா ஒரு சாவியை அமுக்கிப் பார்த்தேன். கீழே போய் மேலே வந்தது. அமுங்குவது விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. மரத்துப்போன விரலுக்கும் இது தெரியும் என்று தோன்றியது.

முதலாளியிடம் கேட்டேன். "அது எந்திரிக்கவே அரை நாளாகுமே சாமி. எடைக்குப் போடறதுக்கு நீயே எடுத்துட்டுப் போ" என்றார்.

அவர் சொன்னது சரிதான். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டதும் முதல் படம் வந்து, ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் கணவர் கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்தார். பிறகு வாசல் பக்கம் கையை வீசிக் காட்டினார். தூக்கிப் போடு என்று அர்த்தம்.

ரேம் ஒரே ஒரு ஜிபிதான். இப்போது வருகிற எந்த சிஸ்டமும் அதில் ஓடாது என்றார்கள் ரிப்பேர் கடையில். போனில் தேடியபோதுதான் லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டம் கண்ணில் பட்டது. பெயரை மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். அதிலேயே பழைய மெஷினுக்கென்று எடை குறைந்த வகைகள் இருக்கின்றன, காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு வீடியோவில் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். பழைய மெஷினுக்கு முப்பத்திரண்டு பிட் என்று போட்டிருப்பதைத்தான் இறக்க வேண்டுமாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் இறக்கி, வீடியோவில் காட்டியபடியே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பென்டிரைவைச் சொருகி ஆன் செய்தேன். பழைய வட்டமே வந்து சுற்றியது. மறுபடி செய்தேன். மறுபடியும் வட்டம். பென்டிரைவில் இருப்பது வர வேண்டுமென்றால், ஆன் செய்த உடனே ஒரு சாவியை அமுக்க வேண்டும், கொஞ்சம் பிந்தினாலும் போச்சு. எனக்கு அந்த நேரம் பிடிபடவில்லை.

அவர் எழுந்து வந்தார். என்னைத் தோளில் தட்டி, நகரச் சொன்னார். லேப்டாப்பைத் தூக்கிக் காதோரம் வைத்துக் கேட்டார். உள்ளே ஃபேன் உராயும் சத்தம். சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்து அடிப்பக்கத்தைக் கழற்றினார். ஃபேனுக்குள் பஞ்சு. கடையில் இருந்த காலமெல்லாம் பறந்த பஞ்சு, மெத்தைத் துண்டு போலப் படிந்து கிடந்தது.

"ஏனுங்க, தூசிங்க. அக்கட்டால போங்க, நான் எடுக்கறேன்" என்றேன். கழுத்துத் துளைக்குள் தூசி போனால் இருமல் நிற்காது. அவர் போகவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, என் புருவம் எடுக்கும் இடுக்கியால் பஞ்சைத் துளித்துளியாகப் பிடுங்கினார். அவர் ஒரு வேலையில் அப்படிக் குனிந்து உட்கார்ந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

மூடி மாட்டியதும் ஆன் செய்து, அந்தச் சாவியை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார். வட்டம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஒரு பட்டியல் வந்தது. அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழித்துவிடலாமா என்று அது கேட்டபோது நான் விரலை என்டர் மேல் வைத்துவிட்டு அமுக்காமல் இருந்தேன். கடை பில்களைப் புதுக் கம்ப்யூட்டருக்கு எப்போதோ மாற்றியாகிவிட்டது, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும். ஆனாலும் அழிக்கவா என்று ஒரு மெஷின் கேட்டால் பயமாகத்தான் இருக்கிறது. அவர் என் கைக்கு மேலே கையை வைத்து என்டரை அமுக்கினார்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது நீல நிறத்தில் வெறும் திரை, அடியில் ஒரு பட்டை. அவ்வளவுதான். ஆனால் தொட்டதெல்லாம் உடனே திறந்தது. வைஃபை பிடிக்கவில்லை, போனை வயரில் மாட்டி நெட் கொடுத்தேன். தமிழ் எழுத்தெல்லாம் முதலில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, எழுத்துருவைப் போட்டதும் சரியாகிவிட்டது. ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்தால் தமிழில் விழுகிற மாதிரி வைத்தேன். அவர் முன்பு நண்பர்களுக்கு மெசேஜ் அனுப்பியதெல்லாம் அப்படித்தான், ஆகவே புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. எழுதினதை வாசிக்கிற சின்ன புரோகிராம் ஒன்றும் இருந்தது. மேல் வரிசையில் ஒரு சாவியை அமுக்கினால் அது வாசிக்க வேண்டும். அதற்கு என்னென்னவோ வரிகள் எழுத வேண்டியிருந்தது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதினேன். ஒரு புள்ளி தப்பினாலும் ஊமையாக நின்றது. ஒரு வழியாக வணக்கம் என்றது. அவரிடம் தள்ளி வைத்து, "எழுதிப் போட்டு இதை அமுக்குங்க" என்றேன்.

அவர் எதுவும் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாதவர் போலப் பார்த்தார். நான் வற்புறுத்தவில்லை. போனில் அடுத்த வீடியோவைப் பார்க்க ஆரம்பித்தேன். குரலை ஆண் குரலாக, கொஞ்சம் கனமாக மாற்றுவது எப்படி என்று அதில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தட்டுச் சத்தம் கேட்டது போலவும் இருந்தது. இதோ வாரேன் என்று சொல்லிவிட்டு நிமிராமல் இருந்தேன்.

அப்போது மூக்கடைத்த ஒருவர் பாடப் புத்தகம் வாசிப்பதுபோல ஒரு குரல் சொன்னது: "மோட்டார ஆப் பண்ணு. தண்ணி போகுது."

நான் எழுந்து ஓடினேன். மேல்தொட்டி நிறைந்து தண்ணீர் சுவரோரம் வழிந்துகொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டுச் சுவிட்சுப் பெட்டி பக்கத்திலேயே நின்றேன். யார் சொல்லி நான் ஓடி வந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளே போனேன். அவர் லேப்டாப்புக்கு முன்னால் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அழுதேன். அவர் ஒவ்வொரு சாவியாக அமுக்கினார். நான் காத்திருந்தேன்.

"கூப்புட்டா வரோணும் புள்ள" என்றது மெஷின்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிடவில்லை. சத்தீஸ்கரில் ரிக்கோடு இருந்த நண்பருக்குப் போன் போட்டு, லேப்டாப் பக்கத்தில் வைத்தார். "மாப்ள, நான் பேசறேன்" என்று மெஷின் சொன்னதும் நண்பர் கட் செய்தார். மறுபடி போட்டோம். மறுபடியும் கட். கடைசியில் நானே கூப்பிட்டுச் சொன்னேன். "லோன் கம்பெனிக்காரன் ரெக்கார்டு பண்ணி உடறான்னு நெனச்சேன் தங்கச்சி" என்றார். பிறகு, "மாப்ளைகிட்டக் குடு. எவ்வளவு நேரமானாலும் இருக்கறேன்" என்றார்.

பேட்டரி செத்துப்போன மெஷின் என்பதால் வயர் மாட்டினால்தான் ஓடும். கரண்ட் போனால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். அப்போது என் கணவர் திரையை முறைப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவருக்கும் வரும், சத்தமில்லாமல் தோள் குலுங்கும்.

அடுத்த முறை சேலத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டார். வேண்டாம், கனம் என்றேன். கேட்கவில்லை. டாக்டரம்மா வழக்கம்போல என்னிடம் கேட்க ஆரம்பித்தார். என் கணவர் கையை நீட்டித் தடுத்து, சுவரில் பிளக் எங்கே இருக்கிறது என்று சைகையால் கேட்டார். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள், எனக்குச் சங்கடமாக இருந்தது. டாக்டரம்மா மேசைக்குப் பின்னால் இருந்த பிளக்கில் தானே வயரை மாட்டினார். நாற்காலியை என் கணவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"மறுபடியும் வருமா?" என்றது மெஷின்.

இதை அவர் மனசில் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் பயப்படுவார் என்று நானும் இதுவரை டாக்டரிடம் கேட்டதில்லை.

"இப்ப சுத்தமா இருக்குதுங்க. வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாது. அதனாலதான் அடிக்கடி வந்து காட்டச் சொல்றேன். வந்தாலும் சீக்கிரமாவே கண்டுபிடிச்சுரலாம்" என்றார் டாக்டரம்மா, அவரைப் பார்த்தே.

அவர் தலையாட்டினார். மறுபடி டைப் செய்தார். "ரிக் வண்டிக்குப் போலாங்களா?"

"அந்தப் புழுதி உங்களுக்கு ஆகாதுங்க. அது வேண்டாம்."

அவர் விரல்கள் சாவிகள் மேலேயே இருந்தன. டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. கடைசியில் "சரிங்க" என்றது மெஷின். அந்தக் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சங்ககிரி தாண்டும்போது என் கையைப் பிடித்தவர் இறங்கும்வரை விடவில்லை.

இப்போது ஊரிலேயே ஒரு ரிக் ஆபீசில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்து டிரைவர்களுக்கு மெசேஜ் போடுகிறார். அங்கே நல்ல கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் இந்தப் பழையதுதான். முன்பெல்லாம் சண்டை என்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவோம், ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாது. இப்போது அவர் டைப் செய்து முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டும். நேற்று, கரூரில் இருக்கும் மகளை ஊர்க் கோயில் நோம்பிக்கு அழைத்துவர யார் போவது என்று பேச்சு வந்து முற்றிவிட்டது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவர் நீளமாக ஏதோ அடித்துக்கொண்டிருந்தார், நடுவில் அழித்து அழித்துத் திருத்தினார். அவர் முடிக்கும்வரை நான் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.