கோலைப் பார்க்காத ரசிகர்

ஜொகூர் பாருவில் எங்கள் கால்பந்து அணி ஆடும் நாளெல்லாம் ரசிகர் கூட்டத்துக்கு டிரம் அடிப்பவர் அவர்தான். பக்கத்துத் தம்போய் வட்டாரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். தீப்பொறி சுட்ட கைகள், எருமைக் கழுத்து. மைதானத்துக்கு முதுகைக் காட்டி எங்களையே பார்த்து நிற்பார். பாட்டு தளர்ந்தால் முறைப்பார், உட்கார்ந்தால் அடிப்பார். சீசன் முழுக்க ஒரு கோலையும் அவர் பார்த்ததில்லை.

எதிரணியிடம் இரண்டு கோல் வாங்கிய அன்று கால் வலித்து உட்கார்ந்துவிட்டேன். டிரம் கட்டை பறந்து வந்து என் புருவத்தைப் பிளந்தது. அதே நொடியில் அரங்கம் அதிர்ந்தது. எங்கள் அணிக்கு ஒரு கோல்!

அவரே ஓடி வந்து தன் துண்டால் என் காயத்தை இறுக்கிக் கட்டினார்.

"கோல் எப்படிடா போச்சு?"

"கண்ணுல ரத்தம்ணே. பாக்கல."

"அலமாக்! அப்புறம் கண்ணு எதுக்குடா உனக்கு?" கீழே கிடந்த கட்டையை எடுத்து ஓங்கினார்.

"தலையால முட்டினான்ணே!" என்று அலறினேன்.

கை இறங்கியது. "நல்லா முட்டினானா?"

அடுத்த ஆட்டத்தில் அந்த முட்டலை எல்லாருக்கும் நடித்துக் காட்டினார். உண்மையில் அது எதிரணிக்காரன் காலில் பட்டு உருண்டுபோன கோல். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அது வெறும் பயம் மட்டும்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.