திங்கட்கிழமை நியாயம்

ஆட்டுப் பண்ணையில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பேர். நாலு அக்காக்களுக்குப் பிறகு பிறந்தவள். தன் தட்டிலிருந்து பெரியக்கா பிடுங்கித் தின்றதை நாற்பத்தெட்டு வயதிலும் மறக்காதவள். அந்தக் கோபம் வேலைக்கும் கூடவே வந்தது. தீனித் தொட்டியில் ஓர் ஆடு இன்னொன்றை முட்டித் தள்ளினால் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்கு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். திங்கட்கிழமைதோறும் கொட்டகையைக் கழுவிய கையோடு அறுபது பெட்டை ஆடுகளையும் எடை போட்டு, ஒத்த எடையுள்ளவற்றை ஒரே அடைப்பில் மாற்றி விடுவாள். பெரியது சிறியதை மிரட்டக் கூடாது, அவ்வளவுதான். முதலாளிகூட மெச்சிக்கொண்டார். நல்ல மனசுக்காரியை யார் குறை சொல்வது?

அப்படியிருந்தும் இந்த வருஷம் ஏழு சினை கலைந்தது. ஜட்ஜம்மா விசாரணையே இல்லாமல் தீர்ப்புச் சொன்னாள்: குற்றவாளி ராங்கி. எந்த அடைப்பில் விட்டாலும் முட்டி ஜெயிக்கும் கறுப்பு ஆடு அது. அதற்கே இரண்டு தடவை சினை கலைந்திருந்தது; திமிருக்குக் கிடைத்த தண்டனை என்று விட்டுவிட்டாள். மூன்று மாதம் முன்பு, கிடாவோடு சேர்த்த மறுநாளே, அதைப் பின்கொட்டகையில் இரண்டு கிழட்டு ஆடுகளோடு தள்ளி வைத்தாள். அங்கே எடையும் இல்லை, இடமாற்றமும் இல்லை.

ராங்கி போன பிறகும் முன்கொட்டகையில் இன்னும் நாலு ஆடுகளுக்குச் சினை கலைந்தது. அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். முதலாளி பதறிப்போய்க் கால்நடை டாக்டரம்மாவை வரவழைத்தார். டாக்டரம்மா திங்கட்கிழமை காலையிலிருந்து அடைப்போரம் நோட்டும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். அவர் பார்த்து முடிக்கட்டும் என்று முதலாளி சொன்னதையும் கேட்காமல், ராங்கியை விற்றே ஆக வேண்டும் என்று ஜட்ஜம்மா ஒற்றைக் காலில் நின்றாள். வியாழன் விடிந்ததும் கறிக்கடைக்காரர் வண்டியில் தானே ஏற்றியும் விட்டாள்.

மதியம் டாக்டரம்மா அவளைத் தனியே கூப்பிட்டார்.

"யார் முதல்ல திங்கிறதுன்னு ஒரு முடிவுக்கு வந்துட்டா ஆடுங்க அடங்கிடும்மா. வியாழக்கிழமை அடங்குதுங்க, நீங்க திங்கக்கிழமை மறுபடி மாத்தி விட்டுடுறீங்க. அதுவும் சரிசமமா இருக்கிறதை ஒண்ணா விட்டா எது விட்டுக்கொடுக்கும்? தீனி இல்ல, படுக்கை இல்ல, எந்நேரமும் முட்டல். தோத்ததுக்கும் சினை தங்கல. ஜெயிச்சதுக்கும் தங்கல."

ஜட்ஜம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு சினையையும் கெடுத்தது தன் கையா? நியாயம் என்று நினைத்துச் செய்ததா?

பின்கொட்டகைக் கறுப்பு ஆட்டை யாரும் இடம் மாற்றவில்லையே, அதைக் கொண்டுவந்தால் ஸ்கேன் செய்து பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

அவள் கறிக்கடைக்கு போன் போட்டாள். அறுக்காதே என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்க்கா. சினைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? உள்ள ரெண்டு குட்டி. ரெண்டும் பெட்டை."