மனுவில் வந்த மர்ஹூம்

ராஜபாளையத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்துக்கு நகராட்சிப் பதிவேட்டில் வெறும் எண்தான். ஜனங்கள் வாயில் அது அபுதாஹிர் சந்து. முப்பது வருஷம் அங்கே குடிநீர் வால்வைத் திறந்துவிட்டவர் அபுதாஹிர். கல்யாண வீடோ துக்க வீடோ இருந்தால் அரைமணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் விடுவார். மறுநாள் மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

வயதான பிறகு அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. சொந்த வீட்டையே தாண்டிப் போய்விடுவார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறியவர் திரும்பவேயில்லை.

தெருவுக்கு அவர் பெயர் வைக்க வேண்டும் என்று மனைவி மெகராஜ் பேகம் கேட்டபோது, ஊர் அதைக் கௌரவத்துக்கு என்று நினைத்தது. அவளுக்குக் கௌரவமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சந்தில் ஓட்டு வீடெல்லாம் மாடியாகிவிட்டது. மனுஷன் வந்தால் எதை அடையாளம் கண்டு நிற்பார்? தன் பெயர் எழுதிய பலகையைப் பார்த்தால் நின்றுவிட மாட்டாரா?

மனு எழுதியது பக்கத்து வீட்டு ஜெபக்குமார். முத்தான கையெழுத்து, நல்ல மனசு, விவரம்தான் அரைகுறை. முஸ்லிம் கல்யாணப் பத்திரிகைகளில் பெரியவர்கள் பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று பார்த்திருக்கிறார். மரியாதைக்குப் போடுவது என்று நினைத்து, அபுதாஹிருக்கும் ஒன்று போட்டுவிட்டார்.

நகராட்சி அலுவலகத்தில் மனுவை வாங்கிய எழுத்தர் முகமது ரியாஸ் நிமிர்ந்து, "மாமி, மாமா தவறிட்டாகளா?" என்றான்.

"யாருப்பா சொன்னா?" மெகராஜ் மனுவை எட்டிப் பார்த்தாள்.

"மர்ஹூம்னு போட்டிருக்கே? காலமானவகளுக்குல்ல அதைப் போடுவோம்."

"ஐயோ, ஜனாப் மாதிரின்னு நெனச்சிட்டேனே!" கூட வந்திருந்த ஜெபக்குமார் பதறிப்போய் அந்தச் சொல்லை அடிக்கப் போனார்.

ரியாஸ் தடுத்தான். "அடிச்சா மனு நிக்காது சார். உயிரோட இருக்கவக பேரைத் தெருவுக்கு வைக்க விதி கிடையாது. மாமி, மாமா காணாமப் போயி ஏழு வருஷம் தாண்டிருச்சு. கோர்ட்ல கேட்டா இறப்புச் சான்று கிடைக்கும், நானே கூட வாரேன். பொறவு மன்றத்துல தீர்மானம் போட்டுருவாக."

அந்தப் பலகையை அவள் மனசுக்குள் எத்தனையோ தடவை நட்டுப் பார்த்திருக்கிறாள். ஆசை இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"சந்தே கேக்குற பலகை மாமி, விட்டுட்டா எப்படி?" என்றான் ரியாஸ்.

"அவிய வீடு தெரிஞ்சு வரணும்னுதான் தம்பி பலகையே கேட்டேன். மௌத்தாயிட்டாகன்னு நானே எழுதிக் குடுத்துட்டா, பொறவு யாரு வருவாகன்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்க?"