எங்கள் தெருவில் நிற்காத வேன்

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும். அடுத்தபடியாக வாய் திறந்துகொள்ளும். நடுவில் மூளை என்று ஒரு ஸ்டாப்பிங் இருப்பதாகச் சொல்கிறார்கள், நான் பார்த்ததில்லை.

எண்ணூரில் ஒரு தொழிற்சாலைக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறேன். விடியற்காலையில் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து காலி வண்டியோடு கிளம்பி முகப்பேர் போவேன். அங்கிருந்து அண்ணா நகர், அயனாவரம், பெரம்பூர் என்று இன்ஜினியர்களை வரிசையாக ஏற்றிக்கொண்டு, மறுபடி எங்கள் தெருமுனை வழியாகவே எண்ணூருக்கு. பல வருடமாக இதுதான் பிழைப்பு. இதை வைத்துத் தெருவில் ஒரு மரியாதையும் சம்பாதித்திருந்தேன். டீக்கடையில் "நம்ம இன்ஜினியருங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பேன். என்னவோ அவர்களெல்லாம் என்னைக் கேட்டுவிட்டுத்தான் பாய்லரைப் பற்றவைக்கிறார்கள் என்பது போல.

அந்த வாய்தான் என்னை மாட்டிவிட்டது.

எதிர்வீட்டுக்காரம்மா காசிமேட்டில் மீன் எடுத்து வந்து ஹைரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து விற்பவர். புருஷன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கடலுக்குள் போய்விட்டால் போன் எடுக்காது. ஒரே பெண். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்து, நல்ல கட் ஆஃபும் வாங்கியிருந்தாள்.

எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் மணலிப் பக்கம் உயரமான புகைபோக்கியின் உச்சியில் எந்நேரமும் தீ எரிவது தெரியும். சில நாள் அகல் விளக்கு போல இருக்கும், சில நாள் சொக்கப்பனை மாதிரி. அதைக் கூட்டிக் குறைப்பது யார் என்று அந்தப் பெண் சின்ன வகுப்பில் படிக்கும்போது என்னைக் கேட்டாள். உள்ளே ஒருத்தன் ஸ்டவ் திருகாணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் சொன்னது உண்மையா என்று பள்ளிக்கூடத்தில் போய் விசாரித்திருக்கிறாள். டீச்சர் இல்லையென்று சொல்லி, அதற்கென்று ஒரு படிப்பே இருப்பதாகவும், அதன் பெயர் இன்ஸ்ட்ருமென்டேஷன் என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதுதான் படிப்பேன் என்று ஒரே பிடியாக இருந்தாள்.

ஃபீஸ் கவலை இல்லை. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் அரசாங்கமே கட்டிவிடும். குறுக்கே நின்றது அம்மா. பக்கத்துக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தால் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது அவர் கட்சி. கவுன்சிலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க அந்த வாரம்தான் கடைசி. ஒரு சாயங்காலம் நேராக என் வாசலுக்கு வந்தார்.

"அண்ணாத்தே, இது இன்ஸ்ட்ரு இன்னாவோ படிக்கணும்னு சொல்லிகினு கீது. அத்தப் படிச்சா காத்தால உள்ள போயி இன்னா வேலை பண்ணும்? நீ தெனம் பாக்கற ஆளு. நீ சொன்னா போட்டுக்கட்டும். இல்லாங்காட்டி பி.காமுதான்."

அவருக்குப் பின்னால் அந்தப் பெண், நீதிபதியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காது சூடாகிவிட்டது. என் வேனில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மாமியார் தொல்லை, யார் பெரம்பூர் வருவதற்குள் குறட்டை விடுவார் எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கேட்டில் இறக்கிவிட்ட பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள்? அவர்கள் உள்ளே போவார்கள், நான் வேப்பமர நிழலில் வண்டியைப் போட்டுத் தூங்குவேன். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி எனக்கு வந்ததேயில்லை. ரிசல்ட் வரட்டும் என்று சொல்லும் டாக்டர் மாதிரி, நாளைக்குச் சொல்கிறேன் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் வேனில் விசாரணை கமிஷன் வைத்தேன். முன் சீட்டில் உட்காரும் பெரியவர், கையெழுத்துப் போடுவதுதான் வேலை என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர் மீட்டிங் என்றார். மீட்டிங்கில் என்ன செய்வீர்கள் என்றேன்; அடுத்த மீட்டிங்கை முடிவு செய்வோம் என்றார். வேனே சிரித்தது. நான் மட்டும் கண்ணாடியில் அடுத்த ஆளைத் தேடினேன்.

இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர் ஒருவர் இருந்தார். பாவம், அவர் உண்மையாகவே விளக்க ஆரம்பித்தார். பிரஷர், வால்வு, சிக்னல் என்று போனது. சுங்கச்சாவடி வரை புரிந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதில், லாரிகளுக்கு நடுவே பிரஷரை விட்டுவிட்டேன். கடைசியில் அவரே மனமிரங்கி ஒரே வரியில் சொன்னார்: "எதுவும் நடக்காம பாத்துக்கிறதுதாங்க எங்க வேலை. ஒண்ணும் நடக்கலைன்னா நாங்க ஒழுங்கா வேலை செஞ்சிருக்கோம்னு அர்த்தம்."

பிரமாதமாக இருந்தது. மனப்பாடம் செய்துகொண்டேன். சாயங்காலம் எதிர்வீட்டில் போய் அப்படியே ஒப்பித்தேன். அந்த அம்மா மீன் கூடையைக் கழுவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணியும் நடக்காததுக்கு சம்பளமா? என் மாமியாருக்கு அத்தக் குடுத்திருந்தா இந்நேரம் மாடி வூடு கட்டியிருக்கும்."

சிரித்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். அவர் விடவில்லை. குரல் மட்டும் இறங்கிவிட்டது.

"அத்த வுடு அண்ணாத்தே. தெனம் நான் கூடை வெச்சிகினு குந்தியிருக்கேன், என் மூஞ்சி முன்னாலதான் உன் வண்டி போவுது. ஒரு நாளாவது இங்க நின்னு நம்ம பக்கத்து ஆள ஏத்திகினு போயிருக்கியா? நம்ம பொம்பளைங்களும் அந்த கேட்டுக்குள்ள போறாங்கதான். கையில இன்னா குடுத்து அனுப்புறான்? துடைப்பம். இவளும் படிச்சிட்டுப் போயி அதே துடைப்பத்தப் புடிச்சான்னா நான் இன்னா பண்றது?"

திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ ஏதாவது ஒரு வாசலில் ஒரு இன்ஜினியருக்காக ஹாரன் அடித்திருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படித்து எங்கெங்கோ பெரிய வேலையில் இருக்கலாம். என் வேனில் இல்லை. நான் ஓட்டுகிற வண்டியைப் பற்றி நானே அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. எனக்கென்ன வந்தது, என் பெண்ணா என்று மனைவியிடம் கத்தினேன். அவள் ஒன்றும் கேட்கவேயில்லை.

என் வேனில் கடைசி சீட்டில் ஒரு பெண் இன்ஜினியர் உண்டு. அயனாவரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் ஏறுவார், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு எண்ணூர் வரை கண்ணை மூடியிருப்பார். அவரிடம் நான் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. மறுநாள் எல்லோரும் இறங்கிய பிறகு அவரை நிறுத்தி, முழுக்கதையையும் உளறிக் கொட்டினேன்.

"எங்கம்மாவுக்கும் தெரியாதுண்ணா," என்றார். விருதுநகர்ப் பக்கம் ஒரு கிராமமாம். "சேரும்போது எனக்கே தெரியாது. நான் வேணா அவங்ககிட்ட பேசட்டுமா?"

அன்று சாயங்காலம் போன் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போடுங்கள் என்றேன். அவர் போனை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டார். ஒரு தண்ணி லாரி வந்து, தெருவே குடம் பிடித்து முடித்து, லாரி போகிற வரைக்கும் பேசினார். நானும் அந்தப் பெண்ணும் வாசலில் நின்று தூரத்திலிருந்து அவர் கையசைவை வைத்து அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். ஒரு சமயம் சிரித்தார். ஒரு சமயம் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வேர்வையா வேறு ஏதாவதா தெரியவில்லை.

போன் தோசைக்கல் மாதிரி சுட்டுக்கொண்டு திரும்பி வந்தது. என்ன பேசினீர்கள் என்றேன்.

"பொம்பளைங்க பேசிக்கினது உனக்கு இன்னாத்துக்கு? போய் அந்த இன்ஸ்ட்ருவையே போடச் சொல்லு."

காலையில் அந்த இன்ஜினியரைக் கேட்டேன். "சும்மா பேசிட்டிருந்தோம்ணா," என்று சொல்லிவிட்டு ஒயரை மாட்டிக்கொண்டார். இன்று வரைக்கும் எனக்கு அந்த விஷயம் தெரியாது. கேட்டுக் கேட்டு நான்தான் அவமானப்பட்டிருக்கிறேன்.

பிரவுசிங் சென்டருக்கு மூன்று பேரும் போனோம். அந்தப் பெண் முதல் இடத்தில், பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒரு கல்லூரியைப் போட்டாள். இது எங்கே இருக்கிறது என்று அம்மா கேட்டார். பக்கத்தில்தான் என்றதும் வேண்டாம் என்றார். நானும் அந்தப் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பக்கத்தில் இருக்கும் பாரீஸ் கார்னருக்குக்கூடத் தனியே அனுப்பாத மனுஷி.

"தூரமா இன்னா கீது?"

தெற்கே ஓர் அரசுக் கல்லூரி இருந்தது. ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும்.

"அத்த மேல போடு."

படிப்பு இரண்டிலும் ஒன்றுதான், கொடுக்கிற பட்டமும் ஒன்றுதான் என்று நான் விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "உன் வண்டில ஏறுற எல்லாரும் வெளிய இருந்து வந்தவங்கதான? அந்தப் பொண்ணும் வெளியூருதான? அப்ப இவளும் வெளியூரு போயிட்டு வரட்டும். அப்பத்தான் கேட்டுல வேற மாதிரி பாப்பானுங்க."

இந்தக் கணக்கில் எங்கோ ஒரு தப்பு இருக்கிறது. அன்றைக்கும் தெரிந்தது, இன்றைக்கும் தெரிகிறது. எங்கே என்று மட்டும் என்னால் கை வைக்க முடியவில்லை. என் வேனின் ஒவ்வொரு சீட்டும் அவர் பக்கம் சாட்சி சொன்னது. அந்தப் பெண்ணோ அழ ஆரம்பித்துவிட்டாள். கேட்ட படிப்பு கிடைத்த நாளில், ஊரை விட்டுப் போகணுமே என்று அழுதாள். "மாமா, நீயாச்சும் சொல்லேன்" என்றாள். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். வாய் தானாகத் திறந்தது. பக்கத்துக் கல்லூரியை இரண்டாவதாகப் போடு என்றேன். அது சமாதானமா துரோகமா என்று யோசிப்பதற்குள் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்த வரிசையை லாக் பண்ணிவிட்டாள்.

முதலில் போட்ட தெற்கத்திக் கல்லூரியே கிடைத்தது.

எழும்பூருக்கு என் சொந்தச் செலவில் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். பெண் என்னிடம் பேசவில்லை. அம்மா வழி முழுக்க தைலத்தைத் தடவு, பூட்டைப் போடு என்று உத்தரவாகப் போட்டுக்கொண்டே வந்தார். ரயிலில் ஏற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு இறங்கினோம். அப்போதுதான் அவர் பெண்ணுக்குக் கேட்காதபடி என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாத்தே, தப்பு பண்ணிட்டமா?"

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் என் வாய், முதல்முறையாக, திறக்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு என்ன ஆதாரம் என்று யாராவது கேட்டிருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன்.

வண்டி நகர்ந்தது. பெண் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து எதையோ கத்திக் கையைக் காட்டினாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்து நானும் பலமாகக் கையாட்டினேன். அவள் இன்னும் வேகமாகக் கையைக் காட்டினாள். கீழே பார்த்தேன். சோப்பு, குவளை, நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் எல்லாவற்றோடும் அவளுடைய ஹாஸ்டல் பக்கெட் என் கையிலேயே தொங்கியது. பிளாட்பாரம் முடிகிற வரை ஓடினேன்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது அம்மா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். முகம் நனைந்திருந்தது. என்னையும் பக்கெட்டையும் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"வா அண்ணாத்தே. அங்க போயி அவளே வாங்கிப்பா."