பத்திரமாகத் தேய்ந்த பிளேட்

நாங்குநேரிக்கு மேற்கே ஒரு கல் கிரஷரில் தேவசிகாமணிக்கு ஃபிட்டர் வேலை. ஐம்பத்திரண்டு வயது. பாளையங்கோட்டையிலிருந்து மொபெட்டில்தான் போக்கும் வரத்தும். மொபெட்டுக்கே பதினாறு வயது. வாங்கிய புதிதில் மூன்று மாதம் முப்பதைத் தாண்டி ஓட்டவில்லை, அதனால்தான் இன்னும் ஓடுகிறது என்று கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இரண்டு இரும்புப் பலகைகள் பித்துப் பிடிக்க வைத்தன. கிரஷரின் வாயில் பாறையைக் கடித்து நொறுக்கும் ஜா பிளேட்டுகள் அவை. பழைய ஃபிட்டர் இருந்தவரை ஒரு ஜோடி இரண்டு மாதம் தாங்கியது. அவர் நின்றுபோய்ப் பொறுப்பு தேவசிகாமணி கைக்கு வந்ததும் முதல் ஜோடி பதினெட்டு நாளில் பல் மழுங்கியது. இரண்டாவது பதினான்கே நாள். இத்தனைக்கும் புது பிளேட் மாட்டியதும் ஜெபம் பண்ணி, சின்னக் கல்லாகப் பார்த்துப் போடச் சொல்லி, கண்ணுக்குள் வைத்துத்தான் காத்தார். தேய்மானம் தெரிந்ததும் இன்னும் சின்னக் கல்லாகப் போடச் சொன்னார். பிறகும் ஏன்? ஒரு இழவும் புரியவில்லை.

முதலாளி மதாருக்கு மட்டும் புரிந்துவிட்டது. "ஆரிப் மட்டச் சரக்கத் தள்ளி விடுதான் வே. அடுத்த ஜோடியும் இப்படிப் போச்சுன்னா அவன் சங்காத்தமே வேண்டாம். அத்தன கிரஷர்லயும் சொல்லிப்புடுவேன்."

பிளேட் விற்கும் ஆரிப், தேவசிகாமணிக்கு இருபது வருஷச் சிநேகிதர். மகள் டார்லின் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர். அவரா ஏமாற்றுவார்? காந்தம் வைத்துப் பார்த்தார்; ஒட்டவில்லை. மாங்கனீஸ் எஃகில் காந்தம் ஒட்டாது. அப்படியென்றால் அசல் சரக்கு. அசல் ஏன் இப்படிக் கரைகிறது? சிநேகிதரையும் நம்ப முடியாமல், காந்தத்தையும் நம்ப முடியாமல் தவித்தார்.

மூன்றாவது ஜோடி மாட்டிய மறுநாள் கோயிலில் அசன விருந்து. சாப்பிட்டுவிட்டுச் சாயந்தரம் வந்து பார்த்தால், கல் விடும் விசையை இயக்கும் தேன்மொழி பாறை பாறையாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, குடியக் கெடுத்தியே! புது பிளேட்டுல்லா!"

"நான் என்ன செய்ய அண்ணாச்சி? லாரி வரிசையா நிக்கி. வந்த கல்ல அப்படியே போடுன்னு முதலாளி சொல்லிட்டாவ. இனிமே தெனமும் இப்படித்தானாம்."

பத்து நாள்கூடத் தாங்காது என்று தலையில் கைவைத்தார். பத்தும் போனது, இருபதும் போனது. முப்பதாம் நாளும் பல் அப்படியே நின்றது. அரம் போட்டால் வழுக்கியது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் ஆரிப்புக்குப் போன் போட்டார்.

"அது அடிபட அடிபடத்தான வே இறுகும்," என்றார் ஆரிப். "பெரிய கல்லு விழுந்து இடிச்சாத்தான் மேல்தோலு கெட்டியாகும். பொடிக்கல்லு சும்மா அரிச்சுத் தின்னுரும். நீரு என்ன செஞ்சீரு?"

தேவசிகாமணிக்கு மொபெட் ஞாபகம் வந்தது. போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மதார் பிளேட்டைத் தட்டிப் பார்த்துக் குஷியாகிவிட்டார். "பாத்தீரா? நான் போட்ட சத்தத்துல பயந்து இப்பத்தான் நல்ல சரக்கு அனுப்பியிருக்கான், திருட்டுப்பய. முன்னால ரெண்டு தடவையும் நம்மள ஏமாத்தியிருக்கான்லா?"

ஆமா என்று ஒரு சொல் சொன்னால் போதும், இவர் தலை தப்பிவிடும். தேவசிகாமணிக்கு வெட்கமாக இருந்தது. கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"மூணும் ஒரே சரக்குதான் முதலாளி," என்றார். "அந்த ரெண்டயும் தின்னது நான்தான்."