மூடாத பொறி

இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து வந்த இடுப்பு இன்னும் நிமிரவில்லை. சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பண்ணையில் கோழி பிடிக்கும் காட்டுப்பூனைக்கு வைக்கிற கால்பொறி, கடைக்காரர் மடியில் இருக்கிறது. பிடிக்கட்டும், எலும்பை மட்டும் உடைக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறேன்.

“முழுசா மூடாம இருக்க ரெண்டு இரும்புத் துண்டு வெல்டு வெச்சா முடிஞ்சிடாதா?”

“சூடு பட்டா ஸ்பிரிங் செத்துடும் சார். போல்ட்டே போதும்.”

பற்களை அரத்தால் மழுக்குகிறார். ஒரு தாடையின் இரு முனையிலும் துளையிட்டு, வாஷர் கோத்து, போல்ட்டை முடுக்குகிறார். இப்போது பொறி மூடினாலும் நடுவில் ஒரு பென்சில் நுழைகிற இடைவெளி நிற்கிறது.

துடைக்கும்போது கீலில் சிக்கியிருந்த முடியை உருவி வெளிச்சத்தில் பார்க்கிறார்.

“காட்டுப்பூனைக்கு வெள்ள முடியா கீது?”

எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

“எங்க நாய்.”

“உசுரோட கீதா?”

“மூணு கால்ல நடக்குது. நான் சோறு வெச்சா மட்டும் கிட்ட வராது.”

அவர் முடுக்கிய போல்ட்டுகளை மறுபடி கழற்றி, இன்னும் ஒவ்வொரு வாஷர் கோக்கிறார்.