மீன்தொட்டிக்குக் கீழே

லூர்துக்கு 1956இல் கல்யாணம் ஆயிற்று. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் படம் வரைகிற வேலை. சொந்த ஊர் துறையூர். அங்கிருந்து தினமும் பொன்மலைக்கு வந்துபோக முடியாது. பெண் வீடு பாலக்கரையில் இருந்தது. "வேற வீடு பாக்குற வரைக்கும் கொஞ்ச நாளைக்கு இங்கயே இருங்க மாப்பிள்ளை" என்றாள் மாமியார் அற்புதம்மாள். கொஞ்ச நாள் ஆறு வருஷம் ஆகிவிட்டது.

வீட்டோட மாப்பிள்ளை என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. தெருவில் சொன்னார்கள். அதையும் மெதுவாகத்தான் சொன்னார்கள்.

ஆறு வருஷத்தில் அவனுக்கென்று ஆனது ஓர் ஆணி. அதில் சட்டையை மாட்டுவான். வெள்ளிக்கிழமைகளில் அத்தையின் ஜெபமாலையும் அதில் தொங்கும். அவனும் மனைவி ரோசம்மாளும் இரண்டு பிள்ளைகளும் படுக்கிற அறையில்தான் தையல் மிஷினும் ஊறுகாய் ஜாடிகளும் இருந்தன. ஊறுகாய் எடுக்க வருகிறவர்கள் கதவைத் தட்டுவதில்லை. ஹாலில் ஓர் ஈசிசேர் கிடந்தது. அது மாமனார் தைரியராஜுடையது.

தைரியராஜ் தபாலாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீடு அற்புதம்மாளின் அப்பா கட்டியது. 1926இல், கொஞ்ச நாளைக்கென்று, அவரும் அங்கே வந்தவர்தான். ஈசிசேர் போட்டிருந்த இடம் சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவே. போகிறவர்களும் வருகிறவர்களும் அவரிடம் ஒரு வேலை சொல்லிவிட்டுப் போக வசதியான இடம். காலை ஏழு மணிக்குப் பிரித்த பேப்பரின் மூன்றாம் பக்கத்தை அவர் எட்டியதாக யாரும் பார்த்ததில்லை.

1962இல் ஒர்க்‌ஷாப் ஃபோர்மன் கிளமென்ட் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். மீன்தொட்டியைக் கப்பலில் ஏற்ற முடியாது. லூர்துக்குக் கொடுத்தார். இரும்புச் சட்டத்தில் மக்கு வைத்துக் கண்ணாடி பதித்த தொட்டி, நாலடி நீளம். அதோடு நாலு ஏஞ்சல் மீன்கள்.

"சம்மனசு பேரை மீனுக்கு வைக்கிறதா?" என்றாள் அற்புதம்மாள். ஆனால் கிளமென்ட் வீட்டுச் சாமான் ஹாலில் இருப்பது கௌரவம் என்று அவளுக்குத் தோன்றியது. வைக்கலாம் என்றாள்.

தொட்டியை எதன்மேல் வைப்பது? லூர்து மூன்று நாள் படம் வரைந்தான். முன்பக்கம், பக்கவாட்டு, குறுக்குவெட்டு என்று தனித்தனியாக. அதை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி உறையூரில் தச்சர் குத்புதீனைப் பார்க்கப் போனான்.

குத்புதீன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அஞ்சடி நீளம், ரெண்டரை அடி அகலம், மூணரை அடி உசரம். மேல தொட்டி. கீழ முழுக்கக் காலி. நடுவுல பலகை வேணாமா சார்?"

"வேணாம் பாய். தொட்டியோட அடிக்கண்ணாடி கீழேருந்து தெரியணும். மக்கு விட்டுப்போனா ஒழுகும். உள்ள போய்ப் பாக்கணும்."

"அப்ப பக்கத்துல இருக்கிற இந்தக் கதவு மீனுக்கு இல்ல, ஆளுக்கு."

"மெயின்டனன்ஸுக்கு."

குத்புதீன் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "மெயின்டனன்ஸ் எவ்வளவு உசரம் இருப்பாருங்க?"

லூர்து கொஞ்சம் யோசித்தான். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குத்புதீன் ஒரு நூலைத் தரையிலிருந்து அவன் உச்சந்தலை வரை பிடித்து முடிச்சுப் போட்டார்.

"ஒரு சின்ன மணை போட்டு உட்காந்தாலும் இடிக்காது. தாழ்ப்பாள் வெளியிலதான?"

"உள்பக்கம்."

நாற்பது வருஷத் தொழிலில் அலமாரிக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கேட்டவர்கள் இல்லை. குத்புதீன் அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பித்தளையில் நல்ல தாழ்ப்பாளாகப் போட்டுக் கொடுத்தார்.

ஸ்டாண்டு ஹாலில் ஜன்னலுக்கு எதிரே நின்றது. ஹாலைப் பார்த்த பக்கம் வழவழப்பான தேக்குப் பலகை. கதவு, இருட்டான நடைப்பக்கம். தினமும் வேலை விட்டு வந்ததும் லூர்து காப்பி குடிப்பான். ரப்பர் குழாயால் கொஞ்சம் தண்ணீர் இறக்குவான். பிறகு கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான்.

உள்ளே ஒரு மணை. ஜன்னல் வெளிச்சம் தண்ணீர் வழியாக இறங்கி அவன் முழங்காலில் பச்சையாக விழும். பக்கத்திலிருந்து பார்த்தால் உள்ளங்கை அகலம் இருக்கிற ஏஞ்சல் மீன், கீழிருந்து பார்த்தால் ஒரு கோடுதான். நாலு கோடுகள் மேலே போய்வரும். தொட்டிக்குள் மணல்கூடப் போடவில்லை. மணல் போட்டால் ஒழுகுவது தெரியாது என்று சொல்லியிருந்தான். மூன்று மூட்டை அரிசி கனத்துக்குத் தண்ணீர் தலைக்கு மேலே நிற்கும். அதற்குக் கீழே உட்கார்ந்து அவன் ஒன்றும் செய்யமாட்டான்.

"எங்க அவரு?" என்று அம்மா கேட்டால், "மெயின்டனன்ஸ்ல இருக்காரு" என்பாள் ரோசம்மாள். அது ஏதோ வெளியூர் என்பது போலச் சொல்வாள். அங்கே போனவனிடம் எண்ணெய் வாங்கிவரச் சொல்ல முடியாது.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று.

துறையூரிலிருந்து லூர்துவின் அப்பா வருஷா வருஷம் நாலு மூட்டை அரிசி அனுப்புவார். அந்த வருஷம் நல்ல விளைச்சல். ஆறு மூட்டை வருவதாகக் கடிதம் வந்தது. அன்று மாலை பலகைக்கு அந்தப் பக்கம் அற்புதம்மாள் மகளிடம் சொல்வது லூர்துக்குத் தெளிவாகக் கேட்டது.

"நாலு மூட்டைய வழக்கமான இடத்துல போட்டுடலாம். மிச்சம் ரெண்டையும் அந்தச் சம்மனசுக்குக் கீழ தள்ளு. இவ்வளவு பெரிய இடம் சும்மாதான கெடக்கு."

தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது. லூர்து வெளியே வந்தான்.

"அத்தை, அங்க அரிசி வைக்க முடியாது. ஈரம்."

"ஒழுகுதா?"

லூர்து நின்றுவிட்டான். ஒழுகுகிறது என்றால் தொட்டியைத் தூக்கி வெளியே வைப்பாள். ஒழுகவில்லை என்றால் மூட்டை உள்ளே போகும்.

"ஒழுகல. ஒழுகலாம்."

"எப்ப?"

"அதைத்தான் உள்ள உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

"ஒரு வருஷமாவா?"

ரோசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

"மாப்பிள்ளை, நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அற்புதம்மாள். சரியாக இல்லை என்று சொல்வதற்கு அவள் வைத்திருந்த வார்த்தை அதுதான். "இருந்தாலும் மாமா ஒரு தடவ பாத்துடட்டும். இந்த வீட்ல பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆளு அவருதான்."

தைரியராஜ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். முப்பத்தேழு வருஷத்தில் அவர் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. பேப்பரை மடித்து வைத்தார்.

மூட்டைகள் வந்தது திங்கட்கிழமை. லூர்து அரைநாள் லீவு போட்டிருந்தான். ஆறு மூட்டைகளும் ஹாலில் நிற்க, அற்புதம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நாலு மணிக்குத் தைரியராஜ் டார்ச் லைட்டோடு குனிந்து உள்ளே போனார். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"எதுக்குத் தாழ்ப்பா போடுறாரு?" என்றாள் அற்புதம்மாள்.

லூர்து கூரையைப் பார்த்தான்.

கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று.

"ஏங்க, ஒழுகுதாங்க?"

ரோசம்மாள் காப்பியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். கதவு நாலு விரல் அகலம் திறந்தது. ஒரு கை வெளியே வந்து டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. மறுபடி தாழ்ப்பாள்.

"பேப்பர் வேணுமாம்" என்று அவள் திரும்பி வந்து சொன்னாள்.

கோயிலில் ஆறு மணி அடித்தபோது கதவு திறந்தது. தைரியராஜ் முதுகை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். பேப்பர் கடைசிப் பக்கத்தில் மடிந்திருந்தது. லூர்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒழுகல" என்றார் தைரியராஜ்.

லூர்துவின் தோள் இறங்கியது. அற்புதம்மாள் மூட்டையின் காதைப் பிடித்தாள்.

"இருடி. இப்படியே ஒழுகாம இருக்கணும்னா ஒரு ஆளு பத்தாது. ரெண்டு ஆளு பாக்கணும்."

அற்புதம்மாள் மூட்டையை விட்டாள். "அப்ப இந்த ரெண்டு மூட்டைய எங்க போடுறது?"

தைரியராஜ் ஈசிசேரைக் காட்டினார். "அதை மடிச்சு எறவாணத்துல சொருகிட்டு அங்க போடு. நான் இனிமே அங்க உக்கார மாட்டேன்."

அவள் கணவரைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"நாலு மீனுக்கு ரெண்டு வீட்டோட மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. லூர்துக்குக் கோபம் வரவில்லை. தைரியராஜும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லூர்து உறையூருக்குப் போனான். இன்னொரு மணை வேண்டும் என்றான்.

"மெயின்டனன்ஸுக்குத் தம்பி வந்துட்டாருங்களா?" என்றார் குத்புதீன்.

"இல்ல பாய். அவருக்கு மூத்தவர். முப்பத்தேழு வருஷ சர்வீஸ்."

குத்புதீன் தலையை ஆட்டினார். மணைக்கு நல்ல பலாப்பலகையாகத் தேடி எடுத்தார்.

"முழங்கால் வலி இருக்குங்களா அவருக்கு?"

"இருக்கு."

"அப்ப ரெண்டு அங்குலம் உசத்திப் போட்டுடுவோம்" என்று நூலை எடுத்தார்.